இணைப்பில் & வந்தால் &#38; எழுதுவதா, %26 எழுதுவதா?

கேட்டிருப்பது இதுதான்: "என் பக்கத்தில் ஒரு தேடல் இணைப்பு. டெம்ப்ளேட் பழையது, எக்ஸ்ஹெச்டிஎம்எல் காலத்தது. முகவரியில் & குறி வருவதால், பக்கத்தின் நிரலைச் சரிபார்க்கும் வேலிடேட்டர் பிழை என்கிறது. & வந்த இடத்திலெல்லாம் %26 போட்டேன்; பிழை போய்விட்டது. ஆனால் இணைப்பைச் சொடுக்கினால் இரண்டாம் பக்கத்துக்குப் போகாமல் முதல் பக்கத்திலேயே நிற்கிறது. எது சரி? தமிழ்ச் சொற்களையும் இடைவெளியையும் என்ன செய்வது?"

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். பாராமீட்டர்களை, அதாவது முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் பெயர்=மதிப்பு இணைகளை, பிரிக்கும் & குறியை ஹெச்டிஎம்எல்லுக்குள் &#38; என்று எழுதுங்கள். தேடிய சொல்லுக்குள்ளேயே & இருந்தால், அந்த &-ஐ மட்டும் %26 ஆக்குங்கள். நீங்கள் செய்தது பிரிக்கும் &-ஐ %26 ஆக்கியது. அதனால்தான் பக்க எண் காணாமல் போனது.

எழுதும் முறை பற்றி ஒரு சொல். ஆம்பர்சண்ட் எனப்படும் இந்தக் குறிக்கு ஏ, எம், பி என்ற மூன்று எழுத்துகளை வைத்து அரைப்புள்ளியில் முடிக்கும் பெயர் வடிவம்தான் புழக்கத்தில் அதிகம். &#38; என்ற எண் வடிவமும் அதே வேலையைத்தான் செய்யும். நான் இங்கே எண் வடிவத்தையே எழுதுகிறேன். படிக்க எளிதாக இருக்கட்டும் என்று பாராமீட்டர் பெயர்களையும் தமிழில் வைத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 38-உம் 26-உம் ஒரே எண்தான். எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் &-இன் எண் பதின்ம முறையில் 38; அதையே பதினறும முறையில் எழுதினால் 26. மேற்கோள் குறிக்கும் அப்படியே: &#34; என்பதும் %22 என்பதும் ஒரே எண். அதனால்தான் இரண்டும் ஒரே காரியத்துக்கான இரண்டு வழிகள் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். எண் ஒன்றுதான், ஆனால் அதைப் படிப்பவர் வேறு. &#38; என்பதைப் படிப்பது உலாவிக்குள் இருக்கும் ஹெச்டிஎம்எல் பாகுபடுத்தி. %26 என்பதைப் படிப்பது சர்வர். ஒருவருக்கு எழுதிய கடிதத்தை மற்றவர் பிரிப்பதில்லை.

உங்கள் இணைப்பையே எடுத்துக்கொள்வோம். ஹெச்ரெஃப் என்பது இணைப்பின் முகவரியைத் தாங்கும் ஹெச்டிஎம்எல் பண்பு.

ஹெச்ரெஃப்="/தேடல்?சொல்=நெல்&#38;பக்கம்=2"

உலாவி இந்தப் பக்கத்தைப் படிக்கும்போதே மேற்கோளுக்குள் இருக்கும் &#38;-ஐ & ஆக்கிவிடும். அதன் நினைவில் நிற்கும் முகவரி இது:

/தேடல்?சொல்=நெல்&பக்கம்=2

சொடுக்கியதும் சர்வருக்குப் போவது இதுதான். சர்வர் & வரும் இடத்தில் வெட்டுகிறது; சொல் என்பதில் நெல், பக்கம் என்பதில் 2. &#38; என்று எழுதியதன் சுவடே சர்வருக்குத் தெரியாது. இப்போது நீங்கள் எழுதியது:

/தேடல்?சொல்=நெல்%26பக்கம்=2

ஹெச்டிஎம்எல் பாகுபடுத்திக்கு % ஒரு சாதாரண எழுத்து, தொடாமல் விட்டுவிடும். சர்வரும் வெட்டுவதற்கு & எதையும் காணாது. முதலில் வெட்டிவிட்டுப் பிறகுதான் %26-ஐ அவிழ்க்கும் என்பதால், சொல் என்ற ஒரே பாராமீட்டருக்கு "நெல்&பக்கம்=2" என்ற முழு நீளமும் மதிப்பாகப் போய்ச் சேரும். பக்க எண் வரவில்லை, எனவே முதல் பக்கம்.

தலைகீழான தவறும் உண்டு. கடைகளின் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறீர்கள், அதில் "முருகன் & சன்ஸ்" என்று ஒரு கடை. நம் ஊர்க் கடைப் பெயர்களில் & சன்ஸ், & கோ, & பிரதர்ஸ் இல்லாத தெரு கிடையாது. ஹெச்டிஎம்எல்லுக்கு எஸ்கேப் செய்தால், அதாவது குறியை எண் வடிவத்தில் எழுதினால், போதும் என்று நினைத்து இப்படி எழுதினால்:

ஹெச்ரெஃப்="/கடை?பெயர்=முருகன்%20&#38;%20சன்ஸ்"

வேலிடேட்டருக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உலாவி &#38;-ஐ அவிழ்த்ததும் நிஜமான & வந்து நிற்கிறது; சர்வர் அங்கே வெட்டுகிறது. பெயர் என்பதில் "முருகன் " மட்டும் போகிறது. " சன்ஸ்" என்று மதிப்பே இல்லாத ஒரு புதுப் பாராமீட்டர் பிறக்கிறது. கடை கிடைக்கவில்லை என்று பக்கம் கைவிரிக்கும். இங்கே வேண்டியது %26:

ஹெச்ரெஃப்="/கடை?பெயர்=முருகன்%20%26%20சன்ஸ்&#38;ஊர்=மதுரை"

ஒரே வரியில் இரண்டு ஆம்பர்சண்ட், இரண்டு வேடம். முதலாவது பெயரின் பகுதி, இரண்டாவது வேலி. இந்த ஒரு வரி மனதில் பதிந்துவிட்டால் மீதியை நீங்களே ஊகித்துவிடலாம்.

"நான் எஸ்கேப் செய்யாமலே பல ஆண்டுகளாக எழுதுகிறேன், எல்லாம் வேலை செய்கிறதே" என்று பலர் சொல்வார்கள். அது உண்மைதான், அதற்குக் காரணமும் உண்டு. ஹெச்டிஎம்எல்லில் & குறியோடு தொடங்கும் பெயர்கள் மொத்தம் 2231. அவற்றில் 106 மிகப் பழையவை. கடைசியில் அரைப்புள்ளி இல்லாவிட்டாலும் உலாவி அவற்றை அடையாளம் கண்டுகொள்ளும். ©, ®, §, ×, °, ¬ ஆகியவற்றின் பெயர்கள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. காப்பி, ரெக், செக்‌ஷன், டைம்ஸ்டாம்ப் என்று ஆங்கிலத்தில் பாராமீட்டர் பெயர் வைப்பவர்கள் அத்தனை பேரும் இந்தக் குழியின் விளிம்பில்தான் நடக்கிறார்கள். அவர்களைக் காப்பாற்றவே ஹெச்டிஎம்எல்5-இல் ஒரு சலுகை சேர்த்தார்கள்: பண்பின் மதிப்புக்குள், அரைப்புள்ளி இல்லாத பெயரை அடுத்துச் சமக்குறியோ ஆங்கில எழுத்தோ எண்ணோ வந்தால் அதை மாற்றாமல் விட்டுவிட வேண்டும். ஹெச்ரெஃப்புக்குள் தப்பிப்பது இந்தச் சலுகையால்தான். பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் உரைக்கு இந்தச் சலுகை கிடையாது.

இதை நான் கற்றது ஒரு கருத்தரங்கின் பதிவுப் பக்கத்தைச் செய்து கொடுத்தபோது. பதிவு எண்ணுக்கு ஆர், இ, ஜி என்ற மூன்று எழுத்தில் பாராமீட்டர் பெயர் வைத்திருந்தேன். ஒரு பொத்தானில் இணைப்பு. அதற்குக் கீழே, "திறக்காவிட்டால் இதை நகலெடுத்து ஒட்டுங்கள்" என்று அதே முகவரி உரையாகவும் இருந்தது. சிலருக்குத் திறந்தது, சிலருக்குத் திறக்கவில்லை. எந்த உலாவி, எந்தப் போன் என்று விசாரித்து அரை நாள் போனது; சர்வர் பதிவேட்டை வரி வரியாகப் பார்த்தேன். கடைசியில் ஒருவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் முகவரியின் நடுவே ஒரு சின்ன வட்டம் தெரிந்தது:

?நாள்=2®=415

பொத்தானைச் சொடுக்கியவர்களுக்கு ஹெச்டிஎம்எல்5-இன் சலுகை கைகொடுத்தது. கீழே இருந்த உரையை நகலெடுத்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை; & குறியும் அந்த மூன்று எழுத்தும் சேர்ந்து ® ஆகிவிட்டன. டைம்ஸ்டாம்ப் என்ற பெயரும் அப்படித்தான்: உரையில் வந்தால் முதல் ஐந்து எழுத்து × ஆகி, மிச்சம் "டாம்ப்" என்று தொங்கும். அன்றிலிருந்து ஹெச்டிஎம்எல்லுக்குள் & எங்கே வந்தாலும் யோசிக்காமல் &#38; எழுதுகிறேன். "இந்த இடத்தில் அவசியமா" என்று ஒவ்வொரு முறையும் ஆராய்வதைவிட எப்போதும் எழுதிவிடுவது குறைந்த வேலை.

விதிப்படி பார்த்தால், இன்றைய ஹெச்டிஎம்எல்லில் குழப்பம் தராத தனி &-ஐ வேலிடேட்டர் பொறுத்துக்கொள்ளும். 1999-இல் வந்த ஹெச்டிஎம்எல் 4.01 காலத்தில் பொறுக்காது. எக்ஸ்எம்எல் அன்றும் இன்றும் பொறுக்காது. உங்கள் டெம்ப்ளேட் எக்ஸ்எம்எல் விதிகளைப் பின்பற்றும் எக்ஸ்ஹெச்டிஎம்எல் என்பதால்தான் பிழை வருகிறது. பிளாகரில் டெம்ப்ளேட்டைத் திருத்திய தமிழ் வலைப்பதிவர்களுக்கு இது பழைய கதை: அந்த டெம்ப்ளேட் எக்ஸ்எம்எல் ஆதலால், எஸ்கேப் செய்யாத ஒரே ஒரு & இருந்தாலும் சேமிக்க விடாது. ஆர்எஸ்எஸ் ஓடைக்கும் சைட்மேப் கோப்புக்கும் இதே கண்டிப்பு. அங்கே ஒரு & தவறினால் அந்த வரி மட்டும் கெடாது, கோப்பு முழுவதுமே படிக்க முடியாததாகிவிடும்.

இடையில் ஒரு தகவல். இந்தச் சிக்கல் ஹெச்டிஎம்எல் 4.01 எழுதியவர்களுக்கும் தெரிந்திருந்தது. பாராமீட்டர்களைப் பிரிக்க &-க்குப் பதில் அரைப்புள்ளியையும் சர்வர்கள் ஏற்க வேண்டும் என்று அதன் பின்னிணைப்பில் பரிந்துரைத்தார்கள். நல்ல யோசனைதான், ஆனால் பரவவில்லை. பைத்தான் நெடுங்காலம் இரண்டையும் ஏற்றது. பாதுகாப்புக் காரணத்தால் 2021-இல் அரைப்புள்ளியைக் கைவிட்டது. ஆகவே பழைய குறிப்புகளில் அரைப்புள்ளி யோசனையைப் பார்த்தால் பின்பற்றாதீர்கள்.

இனி வரிசை. முதலில் ஒவ்வொரு மதிப்பையும் தனித்தனியாக % வடிவத்துக்கு மாற்றுங்கள். பிறகு ?, =, & வைத்து முகவரியைக் கோத்து முடியுங்கள். கோத்த முழு முகவரியையும், பக்கத்தில் எழுதும் அந்தக் கடைசிக் கணத்தில், ஹெச்டிஎம்எல்லுக்கு எஸ்கேப் செய்யுங்கள். சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்து, பெட்டியைத் துணியால் கட்டுவது போல. பிரிப்பவர்கள் வெளியிலிருந்து உள்ளே வருவார்கள்: உலாவி துணியை அவிழ்க்கும், சர்வர் பெட்டியைத் திறக்கும்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் மதிப்புக்கு உரிய செயற்கூறு என்கோட்யுஆர்ஐகாம்போனென்ட். பெயர் பாதி ஒத்திருக்கும் என்கோட்யுஆர்ஐ வேறு ஆள்; அது முழு முகவரிக்கானது, &, =, ?, # எதையும் தொடாது. "முருகன் & சன்ஸ்" அதன் கையில் போனால் & அப்படியே வெளியே வரும். பிஹெச்பியில் மதிப்புக்கு ராயுஆர்எல்என்கோட், பக்கத்தில் எழுதும்போது ஹெச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ். இந்த இரண்டாவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிஹெச்பி 8.1-க்கு முன் அது ஒற்றை மேற்கோளை இயல்பாக எஸ்கேப் செய்யாது. என்கோட்யுஆர்ஐகாம்போனென்ட்டும் ஒற்றை மேற்கோளைத் தொடுவதில்லை. ஹெச்ரெஃப்பை ஒற்றை மேற்கோளுக்குள் எழுதும் பழக்கம் இருந்தால், மதிப்பில் வரும் ஒரு ' குறியே பண்பை அங்கேயே முடித்துவிடும். இரட்டை மேற்கோளுக்கு மாறிவிடுங்கள். மேற்கோளே இல்லாமல் எழுதும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

ஜாங்கோ, ரியாக்ட் போன்ற தளம் கட்டும் கருவிகள் ஹெச்டிஎம்எல் எஸ்கேப்பைத் தாமாகவே செய்துகொள்ளும். அங்கே நீங்களும் ஒரு முறை செய்தால் இரட்டிப்பாகும். &#38; என்பது &#38;#38; ஆகும்; என்கோட்டை, அதாவது % வடிவத்துக்கு மாற்றுவதை, இரண்டு முறை செய்தால் %20 என்பது %2520 ஆகும், ஏனென்றால் பதினறும முறையில் %-இன் எண் 25. முகவரிப் பட்டையில் 25 என்ற எண் %-க்குப் பின்னால் திரும்பத் திரும்ப வந்தால், யாரோ இரண்டு முறை என்கோட் செய்திருக்கிறார்கள் என்று சந்தேகியுங்கள்.

இதன் இன்னொரு முகத்தை எந்தச் சர்வர் பதிவேட்டிலும் பார்க்கலாம். பக்கத்தின் மூலநிரலிலிருந்து இணைப்பை நகலெடுத்து வாட்ஸ்அப்பிலோ க்யூஆர் குறியிலோ போட்டுவிடுவார்கள். க்யூஆர் குறிக்கு ஹெச்டிஎம்எல் தெரியாது, &#38;-ஐ அவிழ்க்க அங்கே ஆள் இல்லை. பெயர் வடிவத்தில் எழுதியிருந்தால், "ஆம்ப்;பக்கம்" என்ற விசித்திரமான பாராமீட்டராக அது சர்வரில் போய் விழும். எண் வடிவமாக இருந்தால் இன்னும் மோசம்: # குறியைக் கண்டதும் உலாவி அதற்குப் பின்னால் இருப்பதைச் சர்வருக்கே அனுப்பாது. யுபிஐ கட்டண இணைப்பைக் கடைக்கு க்யூஆராக அச்சடித்துக் கொடுப்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். & வெறுமனே இருக்க வேண்டிய இடம் அது; ஆனால் கடைப் பெயருக்குள் இருக்கும் & அங்கும் %26-தான்.

# குறியைத் தொட்டுவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். "கதவு எண் #12" என்று ஒரு மதிப்பு இருந்தால் # கட்டாயம் %23 ஆக வேண்டும். இல்லாவிட்டால் "கதவு எண் " என்பது மட்டும்தான் சர்வருக்குப் போகும். பிழைச் செய்திகூட வராது.

இடைவெளிக்கு வருவோம். ஹெச்ரெஃப்பில் வெறும் இடைவெளி விட்டால் உலாவி தானே %20 ஆக்கிக்கொள்ளும், வேலிடேட்டர் மட்டும் கத்தும். எழுதும்போதே %20 போடுங்கள். + குறியும் இடைவெளிதானே என்றால், கேள்விக்குறிக்குப் பிந்தைய பகுதியில் மட்டும், அதுவும் படிவங்களின் மரபால். கோப்பின் பாதையில் + என்றால் + தான். மின்னஞ்சல் இணைப்பில் பொருள் வரிக்கு + போட்டால், "திருமண+அழைப்பிதழ்" என்று அப்படியே பெட்டியில் வந்து நிற்கும். இதே காரணத்தால், +91 என்று தொடங்கும் கைபேசி எண்ணைப் பாராமீட்டரில் அனுப்பினால் + மறைந்து இடைவெளி ஆகிவிடும். அதன் % வடிவம் 2-ஐ அடுத்து ஆங்கில பி. கையால் எழுதாமல் செயற்கூறிடம் விட்டுவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

தமிழ்ச் சொற்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2005 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 3986 என்ற இணையத் தர ஆவணத்தின்படி யுஆர்ஐக்குள், அதாவது இணைய முகவரிக்குள், ஆஸ்கி எழுத்துகளுக்குத்தான் இடம். அதே மாதம் வந்த ஆர்எஃப்சி 3987 மற்ற மொழி எழுத்துகளுக்கும் வழிவிட்டது. இன்றைய ஹெச்டிஎம்எல்லில், பக்கம் யுடிஎஃப்-8 என்று அறிவித்திருந்தால், ஹெச்ரெஃப்பில் தமிழை அப்படியே எழுதலாம், வேலிடேட்டரும் ஏற்கும். அனுப்பும்போது உலாவி % வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். யுடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். ஒரு பைட்டுக்கு % சேர்த்து மூன்று இடம். "தமிழ்" என்ற சொல்லைப் பாருங்கள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். 15 பைட், முகவரியில் 45 இடம். தமிழ் விக்கிப்பீடியா இணைப்பை நகலெடுத்தால் முழ நீளத்துக்கு % மழை பொழிவது இதனால்தான். அது கெட்டுப்போன இணைப்பு அல்ல, நம்பி ஒட்டலாம். தமிழில் இருக்கும் தளப்பெயருக்கு மட்டும், .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று முடிபவை போல, % முறை கிடையாது. அதற்கு, தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்துகளாலும் எண்களாலும் எழுதும் பியூனிகோட் என்ற வேறு ஏற்பாடு.

தமிழில் உண்மையான கண்ணி வேறு இடத்தில் இருக்கிறது. "கொ" என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறி ஒரே குறியீடாகவும், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடுகளாகவும். கண்ணுக்கு ஒன்றுதான், % வடிவத்தில் இரண்டும் வேறு வேறு முகவரி, உலாவி ஒன்றாக்கித் தராது. ஒரே சொல்லுக்கு ஒரு இணைப்பு திறந்து இன்னொன்று 404 என்றால் முதலில் இதைப் பாருங்கள். சர்வரில் சேமிக்கும்போதும் தேடும்போதும் இப்படி இரண்டு விதமாகச் சேமித்ததை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தைச் செய்துவிட்டால் கொ, கோ, கௌ சிக்கல் தீரும். "ஸ்ரீ" தீராது. அதை ஸகரத்திலும் தொடங்கலாம், 2005-இல் யூனிகோட் 4.1-இல் சேர்ந்த ஶகரத்திலும் தொடங்கலாம். என்எஃப்சி இவ்விரண்டையும் ஒன்றாக்காது. ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று ஊர்ப் பட்டியல் வைத்திருந்தால் அதற்கு நீங்களே ஒரு விதி எழுதிக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று மட்டும், ஆனால் இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பயனர் கொடுத்த முகவரியை ஹெச்ரெஃப்பில் வைக்கும்போது, எஸ்கேப் செய்தால் மேற்கோளை உடைத்து வெளியே வர முடியாது; அவ்வளவுதான் அதன் காவல். "ஜாவாஸ்கிரிப்ட்:" என்று தொடங்கும் முகவரியில் எஸ்கேப் செய்ய எந்தக் குறியும் இருக்காது. வேலிடேட்டரும் வாழ்த்தி அனுப்பும், சொடுக்கியதும் நிரல் ஓடும். ஆகவே முகவரி ஹெச்டிடிபி, ஹெச்டிடிபிஎஸ் அல்லது நீங்கள் அனுமதித்த வேறொன்றில் தொடங்குகிறதா என்று தனியாகச் சோதியுங்கள்.

உங்கள் டெம்ப்ளேட்டுக்கு வருகிறேன். %26 ஆக்கிய பிரிப்பான்களையெல்லாம் &#38; ஆக மாற்றுங்கள். தேடல் சொல்லை மட்டும் என்கோட் செய்து வையுங்கள். பிறகு தேடல் பெட்டியில் இதை அப்படியே இட்டு, இரண்டாம் பக்கத்துக்கான இணைப்பைச் சொடுக்குங்கள்:

"நெல் & கம்பு" 50% + #1

இரண்டாம் பக்கத்தின் தேடல் பெட்டியில் இது எழுத்து மாறாமல் நின்றால் வேலை முடிந்தது. தொடக்க மேற்கோள் குறியும் நெல் என்ற சொல்லும் மட்டும் நின்று மீதி அறுந்தால் சொல்லை என்கோட் செய்யவில்லை. பெட்டி காலியாக இருந்தால் ஹெச்டிஎம்எல் எஸ்கேப் விட்டுப்போனது. இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் %20 தெரிந்தால் எங்கோ இரண்டு முறை நடக்கிறது. + மட்டும் காணாமல் போனால் அது % வடிவத்துக்கு மாறாமல் போயிருக்கிறது.